கிதார் ஆம்ப் சர்வீசுக்கு எந்த சிக்னல் ஜெனரேட்டர் வாங்கலாம்?

சால்டர்புகை, காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். கழனிவாசல் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 14 வருடமாக மைக் செட் ஆம்ப்ளிஃபயர்தான் பிழைப்பு. திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று வாடகைக்குப் போய், மழையில் நனைந்து, அவுட்புட் டிரான்சிஸ்டர் வெடித்து என் மேஜைக்கு வரும் பெட்டிகள். அவற்றுக்காக நான் சிக்னல் ஜெனரேட்டர், அதாவது சோதிக்க ஒரே அளவில் டோன் கொடுக்கும் பெட்டி, எதையும் தேடியதில்லை. மொபைலில் ஒரு பாட்டைப் போட்டு ஆக்ஸ் இன்புட்டில் சொருகினால் தீர்ந்தது. அதுவும் இல்லையென்றால் விரல். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் விரலை வைத்து ‘ர்ர்ர்’ என்று கேட்டால் அதற்குப் பிறகு எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் வாழ்நாள் முழுக்க அந்த ஒரு விரலில்தான் ஓட்டினார்.

கிதார் ஆம்ப் வர ஆரம்பித்தது இரண்டு வருடமாகத்தான். முதலில் ஒரு சர்ச் பாடகர் குழுவின் சின்னப் பெட்டி. அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துப் பேண்டு. அதெல்லாம் ஐசி போட்டவை, டிடிஏ2050 மாற்றினால் ஓடிவிடும். போன மாதம் வந்ததுதான் வேறு ரகம். கண்டனூரில் ஒரு ஆச்சி வீட்டிலிருந்து வந்தது. பேரன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வால்வு செட். உள்ளே மூன்று 12ஏஎக்ஸ்7, இரண்டு இஎல்84 வால்வுகள். பின்பக்கம் 120 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வந்த அன்றே யாரோ ஒரு அடாப்டரை மாட்டி நேராக 230-இல் சொருகிவிட்டார்கள். நல்லவேளை, பியூஸ் முந்திக்கொண்டது. டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது.

பியூஸ் மாற்றி, ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, கரண்ட் எகிறாமலிருக்க சீரிஸ் போர்டில் 60 வாட் பல்பைத் தொடராகப் போட்டு மெதுவாக ஏற்றினேன். ஹம் இல்லை. ஆச்சியின் பேரன் வந்து வாசித்தார், கணீரென்று இருந்தது. பதினைந்து இருபது நிமிடம் கழித்து சத்தம் சட்டென்று பாதிக்கும் கீழே போய்விட்டது. பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினால் திரும்ப வருகிறது. 230 கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் புரியவில்லை.

பாட்டைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டே ஏறி இறங்குகிறது. சத்தம் குறைந்தது ஆம்பினாலா, பாடகர் மூச்சு வாங்கியதாலா? எனக்கு வேண்டியது அரை மணி நேரம் ஒரே அளவில் ‘ஊ’ என்று கத்திக்கொண்டே இருக்கும் ஒரு ஆள். சரி என்று மொபைலில் டோன் ஆப் ஒன்றை இறக்கினேன். இன்புட்டில் கொடுத்தவரை நன்றாகத்தான் போயிற்று. ஸ்டேஜ் ஸ்டேஜாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று வயரை எடுத்து இரண்டாவது 12ஏஎக்ஸ்7-இன் 7-ஆம் காலில், சிக்னல் நுழையும் கிரிட்டில், வைத்தேன். அதாவது வைத்ததாக நினைத்தேன். வைத்தது 6-ஆம் கால், உயர் வோல்ட் நிற்கும் பிளேட். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், மொபைலின் ஹெட்போன் வழி அத்தோடு செத்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் அங்கே 190 வோல்ட் டிசி நிற்கிறது. விரல் வைத்தே பழகிய கை இது. அன்றைக்கு வயரை வைத்தேனே என்று கொப்புடையம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

இப்போது ஒழுங்காக ஒரு ஜெனரேட்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். மூன்று வழி தெரிகிறது. ஒன்று, எக்ஸ்ஆர்2206 ஐசி போட்ட கிட், ஐநூறு ரூபாய்க்குள் வந்துவிடும், நானே பத்தவைத்துக்கொள்ளலாம். இரண்டு, ஆன்லைனில் விற்கும் டிடிஎஸ் பெட்டி, அலையை டிஜிட்டலாக உண்டாக்குவது. இரண்டு சேனல், 60 மெகாஹெர்ட்ஸ், கலர் டிஸ்ப்ளே, ஏழாயிரம் பக்கம் ஆகும். மூன்று, இங்கே ஒரு காயலான் கடையில் ஏதோ காலேஜ் லேபில் கழித்துக்கட்டிய பழைய ஃபங்ஷன் ஜெனரேட்டர் (சைன், ஸ்கொயர் என்று பல வடிவ அலை கொடுப்பது) கிடக்கிறது. பெரிய டயல், அழுத்தும் பட்டன்கள், 1,500 சொல்கிறார். அலையைத் திரையில் வரைந்து காட்டும் செகண்ட்ஹாண்ட் ஸ்கோப் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, 20 மெகாஹெர்ட்ஸ்.

எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேண்டும்? சைன் அலை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? 50 ஓம் அவுட்புட் என்று எழுதியிருக்கிறதே, கிதார் ஆம்புக்கு அது ஒத்துவருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தேவகோட்டை வால்வு

தம்பி, மெகாஹெர்ட்ஸ் கிடக்கட்டும், முதலில் ஒரு திட்டு. வால்வு செட்டுக்குள் எந்த வயரை வைத்தாலும் முனையில் 0.1 மைக்ரோஃபேரட், 630 வோல்ட் கண்டன்சர் ஒன்றைத் தொடராகப் போட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். அது டிசியைத் தடுத்துக்கொள்ளும், டோன் மட்டும் உள்ளே போகும். ஏழாயிரம் ரூபாய்ப் பெட்டியானாலும் இந்த ஒரு கண்டன்சர் இல்லையென்றால் உன் மொபைல் போன வழியில்தான் போகும். வேலை முடிந்ததும் அந்தக் கண்டன்சரின் இரண்டு முனையையும் ஒரு ரெசிஸ்டரால் தொட்டு வடித்துவிடு. இல்லாவிட்டால் அடுத்து அது உன் கையைத்தான் கடிக்கும்.

மெகாஹெர்ட்ஸ் கணக்கு உனக்கு வேண்டவே வேண்டாம். கிதாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், மெல்லிய கம்பி 330. 24-ஆவது ஃப்ரெட்டில் பிடித்தாலும் 1,300 சொச்சம்தான். மேலே வரும் ஹார்மோனிக்ஸ் எல்லாம் சேர்த்தாலும் கிதார் ஸ்பீக்கர் 5,000, 6,000-ஐத் தாண்டினால் படுத்துவிடும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகக் கொடுத்தால் தாராளம். 60 மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் காசு வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்க கிரேன் வாங்கியது மாதிரி.

நீ பார்க்க வேண்டியது எவ்வளவு சின்ன சிக்னலைச் சுத்தமாகக் கொடுக்கிறது என்பதை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது 100 மில்லிவோல்ட் அளவில்தான். ஓங்கி அடித்தால் ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப் ஒரு வோல்ட்டைத் தொடும். மைக் செட் ஆக்ஸுக்குப் பழகியவன் பாட்டுக்கு ஒரு வோல்ட்டைத் தூக்கி இன்புட்டில் போட்டால், முதல் 12ஏஎக்ஸ்7 அதை 50, 60 மடங்கு பெருக்கி அடுத்த வால்வின் தலையில் கொட்டும். ஸ்கோப்பில் சைன் அலை தலை வெட்டிய பனைமரம் மாதிரி நிற்கும். நீயும் நல்ல ஆம்பைக் கெட்ட ஆம்ப் என்று எழுதிவிடுவாய். பெரும்பாலான ஜெனரேட்டர்களில் லெவல் குமிழை அடிமட்டத்துக்குத் திருப்பும்போது கரகரக்கும், ஒரு மயிரிழை நகர்த்தினால் இருமடங்காகும். அதனால் சிக்னலைக் குறைத்துக் கொடுக்கும் −20 டிபி, −40 டிபி பட்டன் இருக்கிறதா பார். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 10 கே ரெசிஸ்டர் ஒன்று தொடராக, 100 ஓம் ஒன்று கிரவுண்டுக்கு. நூறில் ஒரு பங்காகிவிடும். ஜெனரேட்டரில் 5 வோல்ட் வை, வெளியே 50 மில்லிவோல்ட் வரும். ஒரு தகர டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டால் ஹம்மும் ஏறாது.

காயலான் கடைப் பெட்டியைத்தான் நான் எடுப்பேன். ஆனால் அது ஆடியோவுக்கானதா என்று பார்த்துக்கொள். லேபில் ரேடியோ ஜெனரேட்டரும் பக்கத்திலேயே இருந்திருக்கும், வெளியே தள்ளும்போது சேர்த்துத் தள்ளுவார்கள். டயல் 100 கிலோசைக்கிளில் (கிலோஹெர்ட்ஸின் பழைய பெயர்) ஆரம்பித்து 455-க்குத் தனிக் குறி இருந்தால் அது ரேடியோவின் ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) டியூன் பண்ண வந்தது. அதில் 400 ஹெர்ட்ஸ் ஆடியோ ஒன்று தனி ஜாக்கில் வரும், அவ்வளவுதான் உனக்குப் பிரயோஜனம். நான் 1978-இல் தொழிலுக்கு வந்தபோது அந்த ஒரு 400 ஹெர்ட்ஸை வைத்தே எத்தனையோ ஆம்ப்ளிஃபயர் பார்த்திருக்கிறேன் என்பதும் உண்மை.

கேட்காவிட்டாலும் இன்னொன்று. உன் சீரிஸ் போர்டில் இருக்கும் பல்பும் ஆடியோ ஜெனரேட்டரும் பங்காளிகள். 1939-இல் ஹியூலெட்டும் பேக்கார்டும் கம்பெனி தொடங்கி விற்ற முதல் சரக்கே ஆடியோ ஆஸிலேட்டர்தான், 200ஏ. அதற்குள் ஒரு சின்ன பல்பு இருக்கும். அலை பெரிதானால் பல்பின் இழை சூடாகும், அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், பெருக்கம் குறையும். அலை சிறுத்தால் இழை ஆறும், பெருக்கம் கூடும். ஒரே அளவில் ‘ஊ’ என்று நிற்க வைத்தது அந்த இழைதான். நம் திருச்சி வானொலி பேச ஆரம்பித்ததும் அதே 1939. இதைச் சொன்னால் என் பேரன் சிரிக்கிறான்.

கடைசியாக, ஸ்பீக்கரோ அதற்குப் பதிலான ரெசிஸ்டர் லோடோ மாட்டாமல் வால்வு ஆம்புக்கு சிக்னல் கொடுக்காதே. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதற்கு உன் ஊரிலும் என் ஊரிலும் மருந்து கிடையாது. 8 ஓம், 100 வாட், அலுமினியக் கூட்டு ரெசிஸ்டர் ஒன்றைப் பழைய ஹீட்சிங்கில் இறுக்கி வைத்துக்கொள். அரை மணி நேரம் டோன் கத்தினாலும் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.


பாலிடெக்னிக் பெஞ்ச்

அண்ணன் சொன்னதில் பாதிக்கு நான் கட்சி மாறுகிறேன். லேபில் இருபது வருடமாகப் பழைய அனலாக் பெட்டிகளோடு மாரடிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கழித்துக்கட்டினார்கள் என்றால் காரணம் இருக்கும். ரேஞ்ச் பட்டன்கள் தேய்ந்திருக்கும், டயல் 1,000 காட்டும்போது உள்ளே 870 ஓடும். சூடாக ஆக நகர்ந்துகொண்டே இருக்கும். டிடிஎஸ் என்றால் 400 என்று அடித்தால் 400. கையில் காசு இருந்தால் அதையே வாங்குங்கள், ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

50 ஓம் பற்றிக் கேட்டீர்கள். ஒத்துவரும், ஆனால் டிஸ்ப்ளே ஏமாற்றும். பல பெட்டிகள் எதிரே 50 ஓம் லோடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு எண்ணைக் காட்டும். கிதார் ஆம்பின் இன்புட் 1 மெகாஓம். அதனால் 100 மில்லிவோல்ட் என்று போட்டால் நிஜத்தில் 200 போகும். மெனுவில் ஹை-இசட் (அதிக ஓம் லோடு) என்று இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருமுறை ஸ்கோப்பில் அளந்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். இதோடு இன்னொரு குழப்பம்: பெட்டி காட்டுவது பீக்-டு-பீக் (அலையின் அடியிலிருந்து உச்சி வரை), மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி). 100 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் என்றால் பீக்-டு-பீக் 283. இந்த இரண்டையும் சேர்த்துக் கோட்டைவிட்டால் ஆறு மடங்கு வரை தப்பு வரும். பையன்கள் ரெக்கார்டு நோட்டில் வருடா வருடம் பார்க்கிறேன்.

அடுத்தது எர்த். ரெண்டு பின் வயரோடு வரும் மலிவுப் பெட்டிகளில் உள்ளே எஸ்எம்பிஎஸ் என்ற ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை. அதன் ஃபில்டர் கண்டன்சர் வழியாக மெயின்ஸில் பாதி வோல்ட்டேஜ் அவுட்புட்டின் கிரவுண்டில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் கொஞ்சம்தான், ஆளைக் கொல்லாது. ஆனால் பிஎன்சி என்ற அவுட்புட் ஜாக்கின் உலோக ஓட்டையும் ஆம்பின் சேஸிஸையும் ஒரே நேரத்தில் தொட்டால் சுருக்கென்று இருக்கும். சொருகும் நேரத்தில் அந்தப் பாய்ச்சல் இன்புட்டில் இருக்கும் ஆப்ஆம்ப் ஐசியைக் கொன்றுபோடவும் முடியும். மூன்று பின் எர்த் உள்ள பெட்டியாகப் பாருங்கள். அப்படி எடுத்தால் ஆம்பும் எர்த், ஜெனரேட்டரும் எர்த், ஸ்கோப்பும் எர்த் என்று லூப் சுற்றி 50 ஹெர்ட்ஸ் ஹம் எட்டிப்பார்க்கும். மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஹம் போகவில்லை என்று ஆம்பின் எர்த்தை மட்டும் கழற்றாதீர்கள், அதுவும் வால்வு செட்டில்.

ஐசி ஆம்ப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. சில பெட்டிகளில் அவுட்புட் பிரிட்ஜ் முறையில் இருக்கும், ஸ்பீக்கரின் இரண்டு வயரும் உயிர். எங்கள் லேபில் ஒரு பையன் ஸ்பீக்கர் மைனஸ் என்று எழுதியிருந்த இடத்தில் ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை மாட்டினான். கிளிப்பின் பல் உருகி அங்கேயே பத்திக்கொண்டது. அதை இன்னும் ஷோகேஸில் வைத்திருக்கிறேன்.

எக்ஸ்ஆர்2206 கிட்டைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நன்றாக ட்ரிம் பண்ணினால் சைனில் டிஸ்டார்ஷன் அரை சதம் அளவுக்கு வரும், பண்ணாவிட்டால் இரண்டரை. ஸ்டேஜ் ஸ்டேஜாகத் தேடும் வேலைக்கு அது போதும். ஆம்பின் டிஸ்டார்ஷனை அளக்க வேண்டுமென்றால்தான் போதாது. கிதார் ஆம்பிலோ டிஸ்டார்ஷன்தான் சரக்கே.

ஸ்கொயர் வேவ் பட்டனைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை அரிக்கும். மைக் செட்டில் 1 கிலோஹெர்ட்ஸ் ஸ்கொயர் கொடுத்து மூலை மழுங்கினால் மேல் ஒலி குறைவு, தலை சரிந்தால் கீழ் ஒலி குறைவு என்று படிப்போம். அதே கண்ணோடு கிதார் ஆம்பைப் பார்த்தால் எல்லாமே பழுது. அதன் டோன் கன்ட்ரோலே நடு ஒலியைக் குடைந்து எடுக்கும்படி செய்தது, ஸ்கொயர் கோணல்மாணலாகத்தான் வரும். பேஸும் ட்ரெபிளும் சுழி, மிட் முழுசு என்று வைத்தால் ஓரளவு நேராகும். அப்படி வைத்துவிட்டுப் பாருங்கள்.

மீட்டர் வைத்து அளப்பதானால் 400 ஹெர்ட்ஸிலேயே அளங்கள். மலிவு மீட்டர் பலவற்றின் ஏசி 400 வரைதான் நம்பத்தகுந்தது, 1,000 கொடுத்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.


ஆறு கம்பி, புதுவயல்

நான் மெக்கானிக் இல்லை, வாசிக்கிறவன். சர்வீசுக்குக் கொடுத்துவிட்டு வாங்கிய அனுபவத்தில் ஒன்று சொல்லலாமா? ஜெனரேட்டரில் எல்லாம் சரி என்று திருப்பிக் கொடுத்த ஆம்ப், வீட்டுக்கு வந்து கிதாரை மாட்டினால் பழைய குருடி கதவைத் திறடி. கேட்டால் “எங்ககிட்ட நல்லாத்தானே பாடிச்சு” என்பார்கள்.

எனக்குப் புரிந்தவரை காரணம் அந்த 50 ஓம்தான். அவ்வளவு பலமான ஆள் தள்ளும்போது இன்புட் ஜாக்கில் கசிவு இருந்தாலும், கேபிள் ட்ரெபிளைத் தின்றாலும் தெரியாது. கிதார் பிக்கப் 6 கே, 8 கே காயில், அது நோஞ்சான். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் மாட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஜெனரேட்டரில் ஒரு மாதிரி, கிதாரில் வேறு மாதிரி. என் நண்பன் ஒரு வேலை செய்வான். பழைய ரிலேயிலிருந்து உருவிய காயிலை ஒரு ரெசிஸ்டரோடு ஜெனரேட்டரில் மாட்டி, கிதார் பிக்கப்பின் மேல் வைத்துவிடுவான். காயிலின் காந்தப் புலம் பிக்கப்பில் டோனை எழுப்பும். ஆம்புக்கு வருவது நிஜமான பிக்கப், நிஜமான கேபிள், ஆனால் ஆள் வேண்டாம். எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது.

அதுவும் முடியாவிட்டால் ஒரு லூப்பர் பெடல். கஸ்டமரையே ரெண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டால் நாள் முழுக்க அவர் வாசித்துக்கொண்டே இருப்பார், டீ கூட வாங்கித் தர வேண்டாம்.

இன்னொன்று. பாதி ஆம்ப்களில் பழுது மின்சாரத்தில் இல்லை, மரத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரை மாட்டி டோனை 80-இலிருந்து 400 வரை மெதுவாக ஏற்றுங்கள். ஏதாவது ஓரிடத்தில் ஸ்க்ரூவோ கைப்பிடியோ கிர்ரென்று பேசும்.


சால்டர்புகை, காரைக்குடி

மூன்று பேருக்கும் நன்றி. பதில் போட இரண்டு வாரம் ஆகிவிட்டது, திருவிழாக் காலம்.

காயலான் கடைப் பெட்டியை 1,200-க்கு முடித்தேன். பாலிடெக்னிக் அண்ணன் மன்னிக்கவும், டயலைத் திருப்பிப் பார்த்ததும் மனசு போய்விட்டது. நீங்கள் சொன்னது சரிதான், 1,000 காட்டினால் 910 ஓடுகிறது. ஸ்கோப்பில் பார்த்து டயலின் ஓரத்தில் பென்சிலால் என் குறிகளைப் போட்டுவிட்டேன். 50 ஓம் கணக்கு இதிலும் உண்டா என்று பார்த்தேன். இதில் டிஸ்ப்ளேயே இல்லை, அதனால் பொய் சொல்ல வழியில்லை. −40 டிபி பட்டன் செத்துக் கிடந்தது. 10 கே, 100 ஓம் இரண்டையும் பழைய பெருங்காய டப்பாவுக்குள் பத்தவைத்தேன். சால்டர் சூட்டில் கடை முழுக்க சாம்பார் வாசனை. 630 வோல்ட் கண்டன்சரும் உள்ளேதான் இருக்கிறது, வடிக்க 1 மெகாஓம் ஒன்றையும் அதன் குறுக்கே நிரந்தரமாகப் போட்டுவிட்டேன் அண்ணே, கையால் வடிக்க மறந்துவிடுவேன் என்று.

பழுது கிடைத்துவிட்டது. 400 ஹெர்ட்ஸ், 50 மில்லிவோல்ட், அவுட்புட்டில் 8 ஓம் லோடு. ஆம்பின் பின்னால், நடுவில் வெளிப் பெடல்களைச் சேர்க்கும் எஃபெக்ட்ஸ் லூப்புக்கு செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கிறது. ஸ்கோப்பில் மேல் அலை காட்டும் சேனலை செண்டிலும் கீழ் அலை காட்டுவதை லோடிலும் வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பதினேழாவது நிமிடம் கீழ் அலை பொத்தென்று விழுந்தது. மேல் அலை அசையவே இல்லை. அப்படியானால் செண்ட் வரைக்கும் வால்வுகள் எல்லாம் யோக்கியம், கோளாறு அதற்கு அந்தப் பக்கம். ஒரு பேட்ச் கார்டை எடுத்து செண்டிலிருந்து ரிட்டர்னுக்குச் சொருகினேன். அலை பழைய உயரத்துக்கு எழுந்து நின்றது.

ஒன்றும் மாட்டாதபோது சிக்னலைக் கடத்திவிட ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சின்னத் தகடு மூடியபடி இருக்கும். அதுதான் கறுத்துப்போய், சூட்டில் விரிந்ததும் தொடர்பை விட்டுவிட்டது. அந்த லூப்பை அவர்கள் ஒருநாளும் உபயோகித்ததே இல்லை, உபயோகிக்காததால்தான் துருவேறியிருக்கிறது. 230-க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஜாக்கை இருபது தடவை சொருகி உருவி, அப்புறமும் நம்பிக்கை வராமல் ஜாக்கையே மாற்றிவிட்டேன். பாட்டைப் போட்டுத் தேடியிருந்தால் இந்த ஜென்மத்தில் கிடைத்திருக்காது.

கண்டனூர் கொண்டுபோய் முகப்பில் வைத்து, ஆறு கம்பி தம்பி சொன்னபடி ஜெனரேட்டரையும் எடுத்துப்போய் டோனை மெதுவாக ஏற்றினேன். 110 வரை அமைதி. 140-இல் பெட்டியின் கைப்பிடி ஸ்க்ரூ பேசியது, இறுக்கினேன். 190 பக்கம் போனதும் எங்கிருந்தோ ஜல் ஜல் என்று ஒரு சத்தம். ஆம்பைப் பிடித்துப் பார்த்தேன், ஸ்பீக்கர் வலையைப் பிடித்துப் பார்த்தேன், இல்லை. தலையை நிமிர்த்தினால் நிலைக்கு மேலே இருக்கும் கலர் கண்ணாடிகளில் பச்சைக் கண்ணாடி ஒன்று சட்டத்துக்குள் ஆடுகிறது. உள்ளேயிருந்து ஆச்சி வந்து, “என்ன தம்பி, மில் சங்கு ஊதுது, பத்து மணி ஆயிடுச்சா?” என்றார். பேரன் அந்தக் கண்ணாடியைக் காட்டியதும், அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊரில் வெடி போட்டால் அது அப்படித்தான் ஆடும் என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. 8 ஓமில் அலை வெட்டுவதற்கு முன் 10.6 வோல்ட்தான் வருகிறது, 14 வாட். 15 வாட் என்று எழுதியிருக்கிறது, அதற்கு 11 வோல்ட் வர வேண்டும். வால்வு ஹீட்டரிலும் 6.3-க்குப் பதில் 5.8 காட்டுகிறது. ஸ்டெப்டவுன் 110 வோல்ட் கொடுக்கிறது. 120 கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மராக மாற்றச் சொல்லவா?


தேவகோட்டை வால்வு

வேண்டாம். அது 60 ஹெர்ட்ஸ் ஊரில் செய்த செட். அங்கே 120-க்குக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இங்கே 50 ஹெர்ட்ஸில் அதே 120-ஐக் கொடுத்தால் கோர் 20 சதம் கூடுதலாகச் சுமக்கும், சூடேறும். 110-இல் அந்தக் கூடுதல் சுமை பாதியாகிறது. ஒரு வாட் போனது யார் காதுக்கும் தெரியாது, 5.8-இல் ஹீட்டருக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் பக்கம் ராத்திரியில் கரண்ட் 250 வரை ஏறுமே, அப்போது அதுவே 120 ஆகிவிடும்.

மூடியெல்லாம் போட்டபின் பேரனை ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிவிட்டு, ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் மேல் புறங்கையை வைத்துப் பார். எடுக்காமல் ஐந்து எண்ண முடிந்தால் அப்படியே விட்டுவிடு.